கரண்டு போனால் டிரையருக்குள் கிடக்கும் சூட்டுத் துணியை என்ன செய்வது?

வடக்குத்தெரு மருமகள், கீழக்கரை:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். எங்க மாமி படுக்கையில இருக்காங்க. நல்லெண்ணெயில காய்ச்சின தைலத்தைக் காலுக்கும் முதுகுக்கும் தினமும் தேய்க்கணும். விரிப்பு, துண்டு, தலையணை உறைன்னு நாள் தவறாம துணி சேருது. மழைக்காலத்துல எதுவும் காய மாட்டேங்குதுன்னு மச்சான் டிரையர் வாங்கித் தந்தாங்க. துவைக்கிற மெஷின் வேற, இது வேற. பின்னாடி குழாய் போட்டு சூட்டுக் காத்தை வெளியே தள்ளுற வகை.

ஐப்பசி, கார்த்திகையில இங்க கரண்டு போறதும் வர்றதுமாத்தான் இருக்கும். மெஷின் ஓடுற நேரத்துல கரண்டு போயிட்டா துணியெல்லாம் சூட்டோட உள்ளயே கிடக்கு. கரண்டு வந்ததும் திரும்ப ஓடட்டும்னு விட்டு வைக்கலாமா, உடனே எடுத்துடணுமா? எடுத்தா எங்க வைக்கிறது? சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடு, மாமியால எழுந்து நடக்க முடியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நவபாஷாணக்கரை, தேவிபட்டினம்:

தங்கச்சி, குறையா நினைக்காதீங்க. வருஷத்துல முக்கால்வாசி நாள் வெயில் கொளுத்துற சீமை நம்மது. மொட்டை மாடியில கயிறு கட்டினா ஒரு மணி நேரத்துல துணி மொறுமொறுன்னு காஞ்சிடும். மழைக்காலத்துக்கு வீட்டுக்குள்ள கொடி கட்டி ஃபேனைப் போட்டா போதும். இத்தனை சூட்டை வீட்டுக்குள்ள கொண்டுவந்து வைக்கணுமா?

ராமேஸ்வரம் ஹோம்ஸ்டே:

அண்ணே, நீங்க சொல்றது பங்குனி, சித்திரைக்குச் சரி. வாடைக்காற்று திரும்பிட்டா கடலோரத்துல துணி காயாது, உப்பு ஏறிப் பிசுபிசுன்னு நிக்கும். உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கும், மடிச்சு வச்ச விரிப்புகூட ரெண்டு நாள்ல பூசண வாடை அடிக்கும். எங்க வீட்டு மாடியில யாத்திரைக்காரங்க தங்குறாங்க. அக்னி தீர்த்தத்துல குளிச்சு, கோயிலுக்குள்ள 22 தீர்த்தமும் ஆடிட்டு ஈரத்தோட வந்து நிப்பாங்க. துண்டும் விரிப்பும் மாத்திக் கொடுத்தே ஆகணும். எங்களுக்கு டிரையர் இல்லாம முடியாது. படுக்கையில ஆள் இருக்கற வீட்டுக்கும் அதே கதைதான்.

தங்கச்சி கேட்டதுக்கு என் பதில்: நல்ல ஸ்டெபிலைசர் ஒண்ணு போடுங்க, பாதிக் கவலை தீர்ந்திடும்.

101 பெரியவர், ராமநாதபுரம்:

தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா, உங்கள் கேள்விக்கு நேராகவே வருகிறேன். கரண்டு போனால் துணியை உள்ளே விட்டு வைக்காதீர்கள். முதலில் சுவிட்சை அணையுங்கள். கதவைத் தொட்டுப் பாருங்கள், மோந்து பாருங்கள். புகையோ கருகல் வாடையோ இல்லையென்றால் கதவைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உதறி, கொடியிலோ நாற்காலி முதுகிலோ தனித்தனியாக விரித்துப் போடுங்கள். கூடையில் குவிக்கவோ மடித்து அடுக்கவோ கூடாது. கட்டில் மேல் மொத்தமாகக் கொட்டுவதும் கூடாது.

டிரையர் சரியாக ஓடி முடிக்கும்போது கடைசிச் சில நிமிடங்களுக்கு ஹீட்டர் அணைந்துவிடும். டிரம் மட்டும் சுற்றும், குளிர்ந்த காற்று ஓடும். அந்தக் கடைசிக் கட்டம் துணியின் சூட்டைத் தணிக்கத்தான் இருக்கிறது. கரண்டு போனால் அது நடப்பதில்லை. சூடான துணி நெருக்கமாகக் கிடக்கும்போது நடுவில் உள்ள சூடு வெளியேற வழியில்லை. அவசரத்தில் பாதியிலேயே நிறுத்தி எடுக்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். ஓடி முடியட்டும், விடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உங்கள் பதிவிலேயே இருக்கிறது. எண்ணெய். தைலம் பட்ட துணியை டிரையரில் போடவே கூடாது.

நல்லெண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேரும். சேரும்போது சூடு பிறக்கும். துணி கொடியில் தொங்கினால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். குவியலாகக் கிடந்தால் போகாது. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாகச் சேரும், இன்னும் சூடு பிறக்கும். டிரையர் ஏற்கெனவே துணியைச் சூடாக்கித் தருவதால் இது தொடங்குவதற்கு வேண்டிய தள்ளு கிடைத்துவிடுகிறது. மெஷின் நின்று சில மணி நேரம் கழித்து, கூடையிலோ அலமாரியிலோ, பக்கத்தில் நெருப்பே இல்லாமல் புகை கிளம்பும். மசாஜ் நிலையங்களின் துண்டுகளிலும் உணவகச் சமையலறைத் துணிகளிலும் இப்படித் தீப்பிடிப்பது எங்கள் துறையில் நன்கு தெரிந்த விஷயம்.

வடக்குத்தெரு மருமகள்:

ஐயா, படிச்சதும் மனசு பதறிடுச்சு. ஆனா துணியை சோப்புத் தூள் போட்டு மெஷின்ல துவைச்சிட்டுத்தானே டிரையர்ல போடுறேன்? அப்பவும் எண்ணெய் இருக்குமா?

101 பெரியவர்:

இருக்கும் அம்மா. பச்சைத் தண்ணீரில் ஒரு முறை துவைத்தால் எண்ணெய் முழுதும் போகாது, நூலுக்குள் தங்கிவிடும். காய்ந்த துண்டை மூக்கருகே வைத்துப் பாருங்கள். தைல வாடை கொஞ்சம் வந்தாலும் எண்ணெய் இருக்கிறது. வாடை இல்லை என்பதாலேயே எண்ணெய் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வெந்நீரில் சோப்போடு ஊற வைத்துத் துவைப்பது நல்லது, ஆனாலும் கொடியில்தான் காயப் போடுங்கள்.

எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் உண்டு. தேங்காய் எண்ணெய் இப்படிச் சூடாவது மிகக் குறைவு. நல்லெண்ணெய் நடுத்தரம். மரச்சாமான் பாலிஷில் வரும் ஆளிவிதை எண்ணெய் மிக மோசம். மீன் எண்ணெயும் அந்த வரிசைதான். வள்ளத்துக்கு எண்ணெய் பூசித் துடைத்த கந்தலைச் சுருட்டி மூலையில் போடுகிறவர்கள் நம் கரையில் இன்னும் இருக்கிறார்கள். அதையும் விரித்துப் போட்டுக் காய வையுங்கள்.

நவபாஷாணக்கரை:

அப்படின்னா மாமி விரிப்புக்கு என் கொடியும் ஃபேனும்தான் சரின்னு ஐயாவே சொல்லிட்டாங்க. மத்த துணிக்கு டிரையர் இருக்கட்டும், நான் தடுக்கல. தங்கச்சி, தைலம் தேய்க்கும்போது விரிப்பு மேல பழைய பருத்திச் சேலை ஒண்ணை நாலா மடிச்சுப் போடுங்க. எண்ணெய் அதோட நின்னுடும், கொடியில போட வேண்டியதும் அது ஒண்ணாத்தான் இருக்கும். எங்க அப்பத்தாவுக்கு நாங்க அப்படித்தான் செஞ்சோம்.

தொண்டி டீசல்:

பெரியவர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. படகு எஞ்சின் வேலை பார்க்கிற வீடு எங்களது. டீசல் பட்ட சட்டை, பெட்ரோல்ல கை துடைச்ச துணி இதெல்லாம் டிரையர் பக்கமே போகக்கூடாது. துவைச்சாலும் வாடை நிக்கிற துணின்னா வெளியிலதான் காயணும். பெட்ரோல் ஆவிக்கு ஹீட்டரே வேண்டாம், சுவிட்சுல வர்ற பொறி போதும். செமி ஆட்டோமேட்டிக் மெஷின்ல துணி பிழியிற தொட்டியிலயும் போடாதீங்க. அதுல ஹீட்டர் கிடையாதுன்னாலும் மோட்டாரும் சுவிட்சும் இருக்குல்ல.

அப்புறம் லைஃப் ஜாக்கெட், ரப்பர் அடி வச்ச கால்மிதி, ஃபோம் தலையணை. ஃபோம் ஒரு தடவை சூடு பிடிச்சா விடாது. மழையில நனைஞ்ச ஜாக்கெட்டை டிரையர்ல போட்டுத் தரச் சொல்லி எங்க பக்கத்துல கேக்குறாங்க. அதை நிழல்ல தொங்க விடுங்க.

உச்சிப்புளி வயர்மேன்:

ராமேஸ்வரம் அண்ணே, ஸ்டெபிலைசர் விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன். வோல்டேஜ் குறைஞ்சா சரி பண்ணும், அவ்வளவுதான். குறை வோல்டேஜும் தொந்தரவுதான்: 230 வோல்ட்ல 2300 வாட் தர்ற ஹீட்டர் 190 வோல்ட்ல 1570 வாட்தான் தரும். துணி காய நேரம் இழுக்கும், மோட்டார் திணறிச் சூடாகும். ஆனா கரையோர வீடுகள்ல நான் அதிகமாப் பார்க்கிற கோளாறு பிளக் பாயிண்ட்டுலதான்.

கடல் காத்து படுற வீட்டுல சாக்கெட்டைக் கழட்டிப் பாருங்க. பித்தளைத் தகடு மேல பச்சையா களிம்பு பூத்திருக்கும். பிளக்கோட பின் அதைச் சரியாத் தொடாது. டிரையர் 10 ஆம்பியர் இழுக்குது. அந்த இடுக்குல 0.2 ஓம் தடை இருந்தாக்கூட 20 வாட் சூடு அங்கயே உண்டாகும். ஈயத்தை உருக்கி ஒட்டுற சால்டரிங் அயர்னை சாக்கெட்டுக்குள்ள சொருகி மணிக்கணக்கா விட்ட மாதிரி. முதல்ல துளையைச் சுத்திப் பழுப்பா ஒரு வளையம் விழும். அப்புறம் பிளாஸ்டிக் குமிழ் விடும், மீன் கருகுற மாதிரி ஒரு வாடை வரும். மெயின் போர்டுல இருக்கற எம்.சி.பி. சுவிட்ச் விழாது, ஏன்னா கரண்டு அளவுக்கு மேல போகல. கரண்டு கசிஞ்சா விழுற ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏன்னா கசிவு இல்ல. ரெண்டும் வீட்டுல கட்டாயம் இருக்கணும், ஆனா இந்தச் சூட்டை ரெண்டும் கண்டுபிடிக்காது.

தங்கச்சி, அரை மணி நேரம் ஓடின பிறகு மெஷினை நிறுத்தி, சுவிட்சை அணைச்சிட்டுப் பிளக்கை உருவி, பின்னைப் புறங்கையால தொட்டுப் பாருங்க; உள்ள இருக்கற துணியைப் பெரியவர் சொன்ன மாதிரி உடனே விரிச்சுப் போட்டுடுங்க. பின் வெதுவெதுன்னு இருந்தா சரி. சுட்டதுன்னா அந்த சாக்கெட்டை அன்னிக்கே மாத்துங்க. 16 ஆம்பியர் பவர் பிளக்தான் வேணும். அதுக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தா நல்லது, எர்த் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடவே போடாதீங்க. இன்வெர்ட்டர் லைன்லயும் கொடுக்காதீங்க.

பெரியபட்டினம், இப்ப தம்மாம்:

வயர்மேன் காக்கா, ஊருக்கு மெஷின் அனுப்புற நம்ம ஆட்களுக்காக ஒண்ணு கேக்கணும். இங்க இருந்து கார்கோவுல டிரையர் போட்டு விடுறாங்க. மூணு பட்டைப் பின் பிளக் இருக்கு, ஊர்ல மல்டி பிளக் வச்சு மாட்டிடுறாங்க. சரியா வருமா?

உச்சிப்புளி வயர்மேன்:

வராது தம்பி. அந்த மல்டி பிளக் உள்ள மெல்லிசான தகடுதான் இருக்கும், டிரையர் லோடைத் தாங்காது. பிளக்கையே வெட்டிட்டு நம்ம ஊர் 16 ஆம்பியர் பிளக் போடணும். அதுக்கு முன்னாடி மெஷின் பின்னாடி ஒட்டியிருக்கற தகட்டைப் படிங்க. துபாய்ப் பக்கம் 50 ஹெர்ட்ஸ், நம்ம ஊரும் 50. சவூதி 60. 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் போட்டிருக்கற மோட்டார் இங்க ஆறுல ஒரு பங்கு வேகம் குறைஞ்சு ஓடும். விசிறியும் அந்த மோட்டார்லதான் சுத்துது. காத்து குறையும், ஹீட்டர் மட்டும் முழுச் சூடு கொடுக்கும். மோட்டாரும் கொதிக்கும். 50/60 ரெண்டும் போட்டிருந்தா அனுப்புங்க. 60 மட்டும்னா அங்கயே வித்திட்டு, ஊர்ல ஒண்ணு வாங்கப் பணமா அனுப்புங்க.

ஈஸ்ட்ஹாம் தம்பி, சொந்த ஊர் மண்டபம்:

இங்க லண்டன்ல நிறைய வீட்டுல டிரையர் உண்டு, அதனால தீயும் பழகிப்போன விஷயம். 2016 ஆகஸ்ட்ல ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில 18 மாடிக் குடியிருப்பு ஒண்ணு எரிஞ்சது, தொடக்கம் ஒரு வீட்டு டிரையர். அந்த வகை மெஷின்கள்ல துணியில இருந்து உதிர்ற பஞ்சு ஹீட்டர்ல பட்டுத் தீப்பிடிக்குதுன்னு முன்னாடியே தெரியும். ஆள் பக்கத்துல இருந்தா ஓட்டலாம்னுதான் அப்ப கம்பெனிக்காரங்க சொல்லி வச்சிருந்தாங்க. 2019-ல தான் அதையெல்லாம் திரும்ப எடுக்க ஏற்பாடு வந்தது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை எடுத்த கணக்குல, வருஷத்துக்கு ஏறக்குறைய 2,900 வீட்டு டிரையர் தீ. காரணங்கள்ல முதலிடம் சுத்தம் செய்யாம விட்டது, மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல.

ராமேஸ்வரம் ஹோம்ஸ்டே:

பஞ்சு பத்தி நான் சொல்றேன், கையால தினம் எடுக்கிறவன். புதுத் துண்டுல முதல் சில தடவை கைப்பிடி பஞ்சு வரும். ஒவ்வொரு தடவை ஓட்டின பிறகும் ஃபில்டரை எடுத்து விரலால வழிச்சிடுங்க. தண்ணி தொடவேண்டாம், பஞ்சு பாய் மாதிரி சுருண்டு வந்திடும். எங்க ஊர்ல மணலும் கூட வரும். யாத்திரைக்காரங்க துண்டை முதல்ல வெளிய உதறிட்டுத்தான் துவைக்கவே போடுறோம்.

வலை பார்க்கச் சுத்தமா இருந்தும் அடைச்சிருக்கலாம். துணிக்கு வாசனைத் திரவம் ஊத்துறோம்ல, அது வலை மேல கண்ணுக்குத் தெரியாம மெழுகு மாதிரி படியும். ஃபில்டரைக் குழாயடியில பிடிச்சுத் தண்ணி விடுங்க. கீழே ஒழுகாம வலை மேலயே குளம் கட்டி நின்னா காத்தும் அப்படித்தான் நிக்குது. பழைய பல் பிரஷும் சோப்புத் தண்ணியும் போட்டுத் தேய்ச்சு, நல்லாக் காய வச்சு மாட்டுங்க. ஃபில்டர் இல்லாம ஒரு தடவைகூட ஓட்டாதீங்க, பஞ்சு முழுக்க உள்ள போய் ஹீட்டர் பக்கம் சேரும்.

குழாய் இல்லாத கண்டென்சர் வகைன்னா கீழே இருக்கற சின்னக் கதவைத் திறந்து உள்ள இருக்கற கண்டென்சர் கட்டையையும் கழுவணும். துவைக்கிறதும் காய வைக்கிறதும் ஒரே மெஷின்ல இருந்தா, துவைக்க 8 கிலோ, காய வைக்க 5 கிலோன்னு ரெண்டு அளவு போட்டிருக்கும். துவைச்ச அத்தனையும் அப்படியே காயட்டும்னு விடக்கூடாது.

உச்சிப்புளி வயர்மேன்:

நல்லாச் சொன்னீங்கண்ணே. குழாயையும் பார்க்கணும். பிளாஸ்டிக் சுருள் குழாய் வேண்டாம், உலோகக் குழாயாப் போடுங்க. நீளம் குறைவா, வளைவு குறைவா இருக்கணும். மெஷினைச் சுவரோட தள்ளி வச்சா குழாய் நசுங்கும், அந்த நசுங்கின இடத்துலதான் பஞ்சு சேரும். வெளி வாயில கொசுவலை அடிக்காதீங்க, சீக்கிரமே பஞ்சு மூடிடும். தானா திறந்து மூடுற மூடி போட்டாப் போதும். குருவி, அணில் கூடு கட்டாம அதுவே பார்த்துக்கும்.

கீழக்கரையில தெற்குப் பக்கம் வாயை வச்சா கச்சான் காத்து வைகாசியில இருந்து மணலையும் உப்பையும் உள்ள அடிக்கும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம்னா வாடைக்காத்துக்கு நேரா வைக்கக்கூடாது. காத்து எதிர்த்து அடிச்சா சூட்டுக் காத்து வெளியேற முடியாம மெஷினுக்குள்ளயே சுத்தும்.

துணி காய வழக்கத்தைவிட ரொம்ப நேரம் எடுக்குது, மெஷின் மேல்தகடு கை வைக்க முடியாத சூடு, இந்த ரெண்டுல எது வந்தாலும் காத்து எங்கயோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். நிறுத்திட்டுப் பாருங்க.

இன்னொண்ணு, இதைக் கெஞ்சிக் கேக்குறேன். உள்ள ஒரு தெர்மல் ஃப்யூஸ் இருக்கு. சூடு எல்லை தாண்டினா அது போயிடும், ஹீட்டரோ மெஷினோ நின்னுடும். சில மெக்கானிக் ரெண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தி, டைரக்ட் கொடுத்திட்டேன், ஓடுதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அப்படி ஓடுற மெஷினுக்கு அதுக்கப்புறம் தடுப்பே கிடையாது. ரிப்பேர் முடிஞ்சதும் பழைய ஃப்யூஸைக் கையில கேட்டு வாங்குங்க. புதுசு போட்டாரான்னு பில்லுல பாருங்க. ஃப்யூஸ் ஏன் போச்சுன்னும் கேளுங்க, அடைப்பை எடுக்காம புதுசு போட்டா அதுவும் போகும்.

வடக்குத்தெரு மருமகள்:

காக்கா, ஐயா, எல்லாரும் இவ்வளவு பொறுமையா எழுதியிருக்கீங்க, அல்லாஹ் உங்களுக்கு நலம் தரட்டும். மாமி துணியைக் கொடிக்கு மாத்தியாச்சு. பிளக்கை உருவிப் பார்த்தேன், வெதுவெதுப்புதான். சாக்கெட் ஓரத்துல மட்டும் லேசா நிறம் மாறியிருக்கு, ஆளை வரச் சொல்லியிருக்கோம்.

இன்னும் ரெண்டு கேள்வி. வீட்டுக்குள்ள இருக்கறதே பயமா இருக்கு, மொட்டை மாடியில கீற்றுக் கொட்டகை இருக்கு, அங்க தூக்கி வச்சிடலாமா? உள்ள புகை வந்துட்டா என்ன செய்யணும்?

101 பெரியவர்:

கீற்றுக் கொட்டகை வேண்டவே வேண்டாம் அம்மா. மெஷின் வெளியே தள்ளும் பஞ்சு காய்ந்த கீற்றில் போய் ஒட்டும், மழைச் சாரல் ஒயரில் படும், மாடியில் புகை கிளம்பினால் கீழே இருக்கும் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மாமி படுக்கும் அறையிலும் வாசலுக்குப் போகும் வழியிலும் வைக்காதீர்கள். வெளிச்சுவரை ஒட்டிய அறை, நீங்கள் அடிக்கடி போய்வரும் இடம், அதுதான் பொருத்தம். பின்பக்கமும் பக்கவாட்டும் விழுந்த பஞ்சைத் துடைத்து வையுங்கள். மேலே பாய், தலையணை, சோப்புத் தூள் மூட்டை என்று அடுக்காதீர்கள். தூங்கும்போதும் வெளியே போகும்போதும் ஓட்டாதீர்கள். கடைத்தெருவுக்குப் பத்து நிமிடம் போவதானாலும் ஓடி முடிந்த பிறகே போங்கள்.

புகை வந்தால் கதவைத் திறக்காதீர்கள். மூடிய டிரம்முக்குள் காற்று குறைவாக இருப்பதால் நெருப்பு அடங்கியே இருக்கும். திறந்தால் காற்று புகுந்து முகத்தில் அடிக்கும். மெயின் போர்டில் அந்த லைனின் எம்.சி.பி.யை இறக்குங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு முதலில் மாமியையும் பிள்ளைகளையும் வெளியேற்றுங்கள். மாமியைத் தூக்க ஆள் தேவைப்படும் என்பதால் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடுவது என்று இன்றைக்கே பேசி வையுங்கள். படுத்திருக்கும் விரிப்போடு சேர்த்து இரண்டு பேர் தலைமாட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வரலாம், தூக்க வேண்டியதில்லை. வெளியே வந்ததும் 101. தெரு குறுகலாக இருந்தால் எந்தப் பக்கமிருந்து வண்டி வர முடியும் என்பதையும் போனிலேயே சொல்லுங்கள்.

புகை அடங்கிவிட்டது என்று நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம். எங்கள் ஆட்கள் வந்து திறக்கட்டும்.

தொண்டி டீசல்:

ஐயா, வீட்டுல சின்னத் தீயணைப்பான் ஒண்ணு வாங்கி வச்சா உதவுமா? எது வாங்கணும்?

101 பெரியவர்:

உதவும். உலர்ந்த பொடி உள்ள ஏ.பி.சி. வகை வாங்குங்கள், மின்சாரத் தீக்கும் துணித் தீக்கும் அது ஆகும். டிரையர் பக்கத்தில் மாட்டாதீர்கள், தீப்பிடித்தால் அங்கே போய் எடுக்க முடியாது. வாசல் பக்கம் மாட்டுங்கள். சாக்கெட்டிலோ மெஷினுக்கு வெளியே ஒரு துணியிலோ பற்றிய சின்னத் தீ என்றால் மட்டும், வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று அடியுங்கள். டிரம்முக்குள் எரிகிறது என்றால் கருவியைத் தொடவே வேண்டாம், வெளியேறுங்கள். பிரஷர் முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். உப்புக் காற்றில் பின்னும் பிடியும் துருப்பிடித்து இறுகிவிடும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.